மசோதா நிறைவேறிவிட்டால் சட்டம் வந்துவிட்டதா?

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் பல ஆண்டுகளாக விற்பனையாளர். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு கடை சாத்தும்வரை நிற்கவேண்டும். சுவரோரம் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து எழுப்பிவிடுகிறார். கழிவறைக்குப் போய்வரக் கொஞ்சம் தாமதமானாலும் நோட்டில் பெயர் ஏறுகிறது. தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் வேலை முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடுகிறது.

இவரும் உடன் வேலை செய்யும் சில பெண்களும் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பார்த்து மனு கொடுத்திருக்கிறார்கள். "அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவந்துவிடலாம்" என்று அவர் சொல்லி அனுப்பினாராம். விஷயம் கடைக்கு எட்டியதும் மேலாளர் கூப்பிட்டு, "12 மணி நேர வேலைக்கே சட்டசபையில் மசோதா பாஸ் ஆகி வருஷக்கணக்காகிறது, நீங்கள் இன்னும் இதற்கெல்லாம் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டில் கொழுந்தனார் சொல்வது வேறு: "எந்த மசோதா வந்தாலும் கவர்னர் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொள்வார். வீண் வேலை."

எம்.எல்.ஏ.வை நம்பிக் காத்திருக்கலாமா, மேலாளர் சொல்வது உண்மையா, இப்போதே புகார் கொடுத்தால் வேலை போய்விடுமா என்பவை இவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் மேலாளர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். பயமுறுத்துவதற்காகச் சொல்லப்பட்ட பேச்சு அது, உண்மையும் இல்லை.

12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் ஒரு மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதுவரைக்கும் அவர் சொல்வது சரி. ஆனால் அது தொழிற்சாலைகள் சட்டத்துக்கான தமிழ்நாட்டுத் திருத்தம். ஜவுளிக்கடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைவிட முக்கியம், அது சட்டமாகவே ஆகவில்லை. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்த அறிவிப்பு வரை போயின. மூன்றே நாளில், ஏப்ரல் 24 அன்று, சங்கங்களோடு பேசிய பிறகு மசோதாவை நிறுத்திவைப்பதாக முதலமைச்சர் அறிவித்தார். மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாகவே அறிவித்துவிட்டார். பேரவையில் நிறைவேறிய மசோதா ஒன்று சட்டமாகாமலே போனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

உங்களுக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதானால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு தரவேண்டும். அளவுக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம். அந்த மிகைநேரத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்திருக்கின்றன. அவற்றைக் காட்டி, "பழைய சட்டமெல்லாம் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாநிலத்தின் கடைகள் சட்டத்தை அவை ரத்து செய்யவில்லை.

இனிமேல் யார் "சட்டம் வந்துவிட்டது" என்று சொன்னாலும் மூன்று விவரம் கேளுங்கள்: சட்டத்தின் எண் என்ன, எந்தத் தேதி அரசிதழில் (அரசின் அதிகாரபூர்வ வெளியீட்டில்) வந்தது, எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வந்தது. மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது உங்களைக் கட்டுப்படுத்தும், உங்கள் முதலாளியையும் கட்டுப்படுத்தும்.

எம்.எல்.ஏ. கொடுத்த வாக்கு

அவர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் தன் பெயரில் தனிநபர் மசோதா கொண்டுவர விதிகளில் இடம் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் நடைமுறையில் சட்டமாகிறவை ஏறக்குறைய எல்லாமே அமைச்சர் கொண்டுவருகிற அரசு மசோதாக்கள். நாடாளுமன்றத்திலேயே சுதந்திரத்துக்குப் பின் 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக அப்படி ஒன்று நிறைவேறியது 1970-இல். ஆகவே எம்.எல்.ஏ. தன் பெயரில் மசோதா கொண்டுவருவார், அது சட்டமாகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அதற்காக அவரை விட்டுவிடவும் வேண்டாம். அவரால் செய்ய முடிந்த, பலன் தரக்கூடிய வேறு வேலைகள் இருக்கின்றன. தொழிலாளர் நலத்துறைக்கான நிதி ஒதுக்கீட்டின் மீது நடக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்கள் பிரச்சினையைப் பேசலாம். அமைச்சரிடம் கேள்வி போடலாம்: கடந்த ஆண்டு எத்தனை ஜவுளிக்கடைகளில் இருக்கை வசதி பற்றி ஆய்வு நடந்தது, எத்தனை பேர் மீது நடவடிக்கை என்று. அமைச்சர் அவையில் "செய்கிறோம்" என்று சொல்லிவிட்டால் அது வெறும் பேச்சாகப் போய்விடாது. அரசு உறுதிமொழிக் குழு என்று பேரவையில் ஒரு குழு இருக்கிறது. சொன்னதைச் செய்தார்களா என்று துரத்திக் கேட்பதே அதன் வேலை.

மனுக்கள் குழுவும் உண்டு. அது மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும்போது முன்கூட்டியே மனு கேட்டு அறிவிப்பு வரும். அதில் கவனிக்கவேண்டியது, மனு பொதுப் பிரச்சினை பற்றியதாக இருக்கவேண்டும். "என் சூப்பர்வைசர் என்னைத் திட்டினார்" என்று எழுதினால் எடுக்கமாட்டார்கள். "இந்த மாவட்டத்து ஜவுளிக்கடைகளில் பெண் ஊழியர்கள் உட்கார முடிவதில்லை" என்று எழுதினால் எடுப்பார்கள்.

மசோதா பிறப்பது பேரவையில் அல்ல

நம்மில் பலர் நினைப்பது, மசோதா பேரவையில் தொடங்குகிறது, அங்கே விவாதம் நடந்து உருவம் பெறுகிறது என்று. தொலைக்காட்சியில் தெரிவது அந்தப் பகுதி மட்டும்தான் என்பதால் வருகிற எண்ணம் இது. உண்மையில் பேரவைக்கு வரும்போது மசோதா முக்கால்வாசி முடிந்துபோன காரியம்.

நீங்கள் நிற்கும் இடத்துக்கே பொருந்துகிற உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கடை ஊழியர் உட்காரும் உரிமை பற்றிய மசோதாவை 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் பேரவையில் அறிமுகப்படுத்தினார். ஆனால் கதை அன்றைக்குத் தொடங்கவில்லை. கேரளத்தில், கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில், தையல் வேலை செய்துவந்த பி. விஜியும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் கழிவறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த ஆண்டு, 2019 செப்டம்பரில், தமிழ்நாட்டின் மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் இந்தப் பேச்சு வந்தது. அரசு, முதலாளிகள், சங்கங்கள் என மூன்று தரப்பும் உட்காரும் குழு அது. அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கும் இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மசோதா பேரவைக்கு வந்தது. நடுவில் ஆட்சியே மாறியிருந்தது.

அந்த இரண்டு ஆண்டுகளில் என்ன நடக்கும்? துறை ஒரு முன்மொழிவு எழுதும். செலவு இருந்தால் நிதித்துறை பார்க்கும். சட்டத்துறை வாசகத்தை வடிக்கும். இது மாநிலம் சட்டம் இயற்றக்கூடிய விஷயம்தானா, மத்தியச் சட்டம் எதனோடாவது மோதுமா என்று பார்ப்பார்கள். தொழிலாளர் விவகாரம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மோதல் இருந்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இருந்தால்தான் மாநிலச் சட்டம் இங்கே செல்லுபடியாகும். எல்லாம் முடிந்து அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிறகுதான் அச்சுக்குப் போகும். ஒரு சொல்லைச் சேர்க்கவோ நீக்கவோ உங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பு இருப்பது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்த மனுவைத் தொழிலாளர் நலத்துறைச் செயலருக்கும் தொழிலாளர் ஆணையருக்கும் அனுப்புங்கள். ஆலோசனைக் குழுவில் இடம்பெற்ற மத்தியத் தொழிற்சங்கங்களின் மாவட்ட அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள்.

பேரவைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமைச்சர் அறிமுகம் செய்வார். பிறகு ஆய்வுக்கு எடுப்பார்கள். வேண்டுமானால் மசோதாவை விரிவாக ஆராயும் உறுப்பினர்களின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம், ஆனால் அது அபூர்வம். பிரிவு பிரிவாக வாக்குக்கு விட்டு, கடைசியில் முழு மசோதாவையும் நிறைவேற்றுவார்கள். நம் மாநிலத்தில் மேலவை 1986-இல் கலைக்கப்பட்டுவிட்டதால் 234 பேர் கொண்ட ஒரே அவையோடு வேலை முடிந்துவிடும். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் மசோதாக்கள் வரிசையாக, சில நிமிடங்களுக்கு ஒன்றாக நிறைவேறுவதைப் பார்த்திருப்பீர்கள். இது எனக்குப் பிடிக்காத பழக்கம், இதை வெளிப்படையாகவே சொல்கிறேன். லட்சக்கணக்கானவர்களின் வேலைநேரத்தைத் தொடும் மசோதாவுக்குத் தேர்வுக் குழு வைத்து, சங்கங்களையும் முதலாளிகளையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் 2023-இல் நடந்த குழப்பம் நடந்திருக்காது.

கொழுந்தனாரின் கவலை

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முழு உண்மையும் இல்லை. அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவின்படி, பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்து மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம். திருப்பி அனுப்பியதைப் பேரவை மறுபடி நிறைவேற்றினால் ஒப்புதலை மறுக்கக்கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. இணையவழிச் சூதாட்டத் தடை மசோதாவில் அப்படித்தான் நடந்தது: 2022 அக்டோபரில் நிறைவேறி, 2023 மார்ச்சில் திரும்பி வந்து, அதே மாதம் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

சில மசோதாக்கள் வருடக்கணக்கில் கிடந்ததும் உண்மை. 10 மசோதாக்கள் தொடர்பாகத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது, ஆளுநருக்குக் காலக்கெடுவும் வைத்தது. அந்த மசோதாக்கள் ஆளுநர் கையெழுத்து இல்லாமலே அரசிதழில் வெளியாயின. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்கு, அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறு கருத்துச் சொன்னது: நீதிமன்றம் நாள் குறித்துக் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது. ஆனால் காரணமே சொல்லாமல் நீண்டகாலம் சும்மா வைத்திருந்தால், முடிவெடுங்கள் என்று உத்தரவிடலாம். இன்றைய நிலை இதுதான்.

கொழுந்தனாரிடம் ஒன்று சொல்லுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம், நீட் போன்ற, அதிகாரப் பங்கீடு சார்ந்த மசோதாக்களில். கடையில் ஸ்டூல் போடும் மசோதா அந்தச் சண்டையில் சிக்கவில்லை. அது இன்று சட்டமாக இருக்கிறது. இன்னொரு விஷயம்: ஆட்சிக்காலம் முடிந்து பேரவை கலைந்தால், அவையில் நிலுவையிலிருக்கும் மசோதா காலாவதியாகும். நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருப்பது காலாவதியாகாது.

கையெழுத்துக்குப் பிறகும் தூரம் இருக்கிறது

ஒப்புதல் வந்து அரசிதழில் வெளியான பிறகும், "அரசு அறிவிக்கும் தேதியில் நடப்புக்கு வரும்" என்று பல சட்டங்களில் ஒரு வரி இருக்கும். அந்தத் தேதியை அறிவிக்காதவரை சட்டம் தூங்கும். உங்கள் கடைகள் சட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் பதிவு செய்யவேண்டும் என்ற திருத்தம் நிறைவேறியது 2018-இல். நடப்புக்கு வந்தது 2024 ஜூலை 2 அன்று.

அப்புறம் விதிகள். சட்டம் பொதுவாகச் சொல்லும், எப்படி என்பதை விதி சொல்லும். இருக்கைச் சட்டத்தின் வாசகம், ஊழியர்கள் வேலையின் நடுவே கிடைக்கும் வாய்ப்பில் உட்காரும்படி ஏற்ற இருக்கை வசதி இருக்கவேண்டும் என்கிற அளவில் நிற்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை, எங்கே, உட்கார்ந்தால் யாரும் எழுப்பக்கூடாது என்பதெல்லாம் அதில் இல்லை. உங்கள் கடையில் இரண்டு ஸ்டூலைப் போட்டுவிட்டு எழுப்பிக்கொண்டே இருக்க முடிவது இந்த இடைவெளியால்தான்.

இதை அடைக்கப் புது மசோதா வேண்டியதில்லை என்பது என் கருத்து. விதியைத் திருத்தினால் போதும். விதியைத் துறையே அறிவிக்கலாம். பேரவையில் வாக்கெடுப்பு, ஆளுநர் ஒப்புதல் எதற்கும் காத்திருக்க வேண்டாம், பிறகு அவையின் முன் வைத்தால் சரி. உங்கள் மனுவில் "புதுச் சட்டம் கொண்டுவாருங்கள்" என்று இருப்பதை மாற்றி, "இருக்கை வசதி பற்றி விதியில் இன்னின்னதைச் சேருங்கள்" என்று எழுதுங்கள். கழிவறை நேரத்தைக் குறித்துவைத்துச் சம்பளம் பிடிப்பதைத் தடுக்கும் வாசகத்தையும் கேளுங்கள்.

நீங்கள் கேட்டவற்றில் சில ஏற்கெனவே இருக்கின்றன

கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய பகுதி கடைசி பஸ் பற்றியது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த அனுமதி நிபந்தனையோடு வந்தது. இரவு 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், தகுந்த பாதுகாப்பு தரவேண்டும். ஷிஃப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்து, அதை வாசலில் அறிவிப்பாக ஒட்டவேண்டும். ஓய்வறை, கழிவறை, வார விடுமுறை எல்லாம் அதில் உண்டு. உங்கள் கடை அந்த ஆணையின் கீழ் இயங்குகிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிடலாம். இயங்கினால், வண்டி ஏற்பாடு முதலாளி காட்டும் கருணை அல்ல, அவர் அனுமதி பெற்ற நிபந்தனை. வேலையில் சேரும்போது ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா, அதில் இரவு வேலைக்குச் சம்மதம் என்று எழுதியிருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

வேலை போய்விடுமா?

போகவே போகாது என்று நான் எழுதினால் அது உங்களை ஏமாற்றுவதாகும். புகார் கொடுத்தவர்களை வேறு பிரிவுக்கு மாற்றுவது, ஷிஃப்டை மாற்றுவது, சின்னக் குறைகளைப் பெரிதாக்கி மெமோ கொடுப்பது எல்லாம் நடக்கிறது. ஆனால் சட்டம் உங்களைத் தனியாக விடவில்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஊழியரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக்கூடாது என்கிறது கடைகள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு. நீக்கினால் தொழிலாளர் துறையிலேயே மேல்முறையீடு செய்யலாம். அதற்கான கெடு குறுகியது, ஆகவே உத்தரவு கைக்கு வந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மனுவில் கையெழுத்திட்ட நீங்கள் சிலர் மட்டும் தனித்துத் தெரிவதுதான் இப்போதைய ஆபத்து. ஆகவே அடுத்த புகாரை உங்கள் பெயரில் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, சங்கத்தின் பெயரில் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையருக்குக் கொடுங்கள். அவர் பதவியோடு "அமலாக்கம்" என்ற சொல் சேர்ந்திருக்கும். மொட்டைக் கடிதம் வேண்டாம், அதைக் கிடப்பில் போடுவது சுலபம். சங்கத் தாளில், கடையின் பெயர், பிரிவு, எத்தனை பெண்கள், எத்தனை இருக்கைகள், வேலை தொடங்கி முடியும் நேரம் என்று எழுதுங்கள். ஆய்வுக்கு வரும்போது சாயங்காலக் கூட்டநேரத்தில் வரச்சொல்லிக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு வந்தால் எல்லோரும் உட்கார்ந்திருப்பதைத்தான் ஆய்வாளர் பார்ப்பார்.

எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் திரும்பப் போங்கள். இந்த முறை மசோதா கேட்காதீர்கள். பேரவையில் போடவேண்டிய கேள்வியை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கு முன்னால் இன்றிரவிலிருந்தே ஒரு சின்ன நோட்டில் தினமும் வேலைக்கு வந்த நேரம், கிளம்பிய நேரம், உட்கார்ந்தபோது எழுப்பியவர் பெயர், மூன்றையும் எழுதி வாருங்கள். மிகைநேரச் சம்பளத்துக்கு வழக்கு போடவேண்டி வந்தால் அந்த நோட்டு பயன்படும். சம்பளச் சீட்டுகளையும் அதோடு சேர்த்து வையுங்கள். அந்த நோட்டைக் கடையில் வைக்காதீர்கள்.